கால்விரலா, கயிறா? – ஓர் ஆங்கிலத் தொடரின் எழுத்தும் பிறப்பும்

ஆங்கில நாளேடுகளின் அரசியல் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு 'டோ தி லைன்' என்ற தொடர் நன்றாகப் பழகியிருக்கும். கட்சித் தலைமைக்கு எதிராகக் குரல் கொடுத்த ஒருவர் மறுநாளே அடங்கிவிட்டால் அவர் 'டோ தி லைன்' செய்துவிட்டார் என்று எழுதுவார்கள். அலுவலகங்களிலும் இது சகஜம். "மேனேஜர் சொல்றபடி டோ தி லைன் பண்ணிட்டுப் போயிடுங்க சார், எதுக்கு வீண் வம்பு?" என்று நம்மவர்களே பேசிக்கொள்வதுண்டு. மேலிடம் சொன்னதற்குக் கட்டுப்பட்டு நடப்பது என்பதே இதன் இன்றைய பொருள்.

வாயால் சொல்லும்வரை இத்தொடரில் தொல்லை ஒன்றுமில்லை. எழுத உட்காரும்போதுதான் சிக்கல். 'டோ' என்பதை டி, ஓ, இ என்று எழுதுவதா, அல்லது டி, ஓ, டபிள்யூ என்று எழுதுவதா? இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே. முதலாவது கால்விரல், இரண்டாவது கயிறு கட்டி இழுத்தல். பழுத்த பத்திரிகையாளர்களின் எழுத்தில்கூட இரண்டாவது 'டோ' அவ்வப்போது நுழைந்துவிடுகிறது.

சரியானது கால்விரல்தான். அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது ஏன் சரி, ஏன் இத்தனை பேர் மாற்றி எழுதுகிறார்கள், இந்தத் தொடர் எங்கே பிறந்தது என்று கேட்கத் தொடங்கினால் விஷயம் நீள்கிறது. ஒரு சொல்லுக்குச் சொல்லப்படும் பிறப்புக் கதைகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு இத்தொடர் நல்ல பாடம். நம் தமிழ்ப் பழமொழிகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

இரண்டு 'டோ'க்கள்

கால்விரலைக் குறிக்கும் 'டோ' பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கையைக் குறிக்கும் 'ஹேண்ட்' கொடு என்றும், தோளைக் குறிக்கும் 'ஷோல்டர்' சும என்றும் வினையாவதுபோல, 'டோ' என்பதும் கால்விரலால் தொட்டு நில் என்று வினையாயிற்று. ஆகவே 'டோ தி லைன்' என்றால், தரையில் போட்ட கோட்டைக் கால்விரல் நுனி தொடும்படி நில் என்பது நேர்ப்பொருள். ஓர் அங்குலம் பின்னால் நின்றாலும் தப்பு, ஓர் அங்குலம் முன்னால் போனாலும் தப்பு.

மற்றொரு 'டோ' இழுத்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. துறைமுகத்தில் பெரிய கப்பலை இழுத்துச் செல்லும் சிறு படகுக்கு 'டக்' என்று பெயர். அந்தச் சொல்லும் இதற்கு உறவுதான். நகரங்களில் வாழும் நமக்கு இந்த 'டோ' நன்றாகவே தெரியும். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பினால், "இப்பத்தான் சார் டோ பண்ணிட்டுப் போனாங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வாரே, அதே 'டோ'!

இந்த மயக்கத்தைச் சுட்டிக்காட்டியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஆர்வெல். இவர் 1903இல் நம் பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தவர். தந்தையார் ஆங்கிலேய அரசின் அபினித் துறையில் வேலை பார்த்தார். 1946இல் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி ஆர்வெல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தேய்ந்துபோன உருவகங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் 'டோ தி லைன்' இடம்பெறுகிறது. சிலர் அதை இழுக்கும் 'டோ'வாக எழுதுவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அவருடைய கவலை எழுத்துப்பிழை பற்றியது மட்டுமல்ல. எழுதுகிறவர் மனத்தில் படம் எதுவும் ஓடவில்லை, பழகிய ஓசை மட்டும் கையிலிருந்து இறங்குகிறது என்பதற்கு அந்தப் பிழை சாட்சி என்பதே அவர் சொல்ல வந்தது. கோட்டில் கால் வைத்து நிற்கும் ஒரு மனிதனை மனக்கண்ணால் பார்த்தவர் அங்கே 'டபிள்யூ' போடமாட்டார்.

பிழை செய்தவர் முட்டாள் அல்லர்

ஆனால் அந்த 'டபிள்யூ' போட்டவர் மனத்தில் வேறொரு படம் ஓடியிருக்கலாம் அல்லவா? 'லைன்' என்ற சொல்லின் வரலாறு அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது.

'லைன்' என்பதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ஆளிச் செடியைக் குறிக்கும் 'லீனும்' என்ற சொல்லிலிருந்து, அதன் நாரால் திரித்த நூலைக் குறிக்கும் 'லீனியா' வந்தது. ஆளி நாரில் நெய்த துணியான 'லினன்' என்பதும் இந்தக் குடும்பமே. அதாவது 'லைன்' என்றால் முதலில் நூல், கயிறு; பிறகுதான் கோடு. நூலை இழுத்துப் பிடித்தால் கோடு நேராக வரும் என்பதால் நூலே கோடாயிற்று. இது நமக்குப் புதுமையல்ல. நம் ஊர்க் கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடிக்கிறார். நேராக நடக்கிறவனை 'நூல் பிடித்த மாதிரி' நடக்கிறான் என்கிறோம். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரம் உவமை சொல்வதும் இந்த அடிப்படையில்தான்.

கப்பலில் இன்றைக்கும் 'லைன்' என்றால் கயிறுதான். கப்பலை இழுக்கும் கயிற்றுக்கு 'டோ லைன்' என்றே பெயர். இங்கிலாந்தின் கால்வாய்களில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அந்தக் கரையோரப் பாதைக்கு 'டோ பாத்' என்று பெயர், இன்றும் அதே பெயர்தான். ஆகவே 'லைன்' என்ற சொல்லைக் கேட்டதும் கயிறு நினைவுக்கு வந்த ஒருவர், 'கயிற்றை இழு' என்று தொடரைப் புரிந்துகொண்டால் ஆச்சரியமில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே கயிற்றை ஒரே பக்கம் இழுப்பது என்பது கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பொருத்தமான படம்தான்.

இவ்வாறு அறியாத சொல்லுக்குப் பதில் அதே ஓசையுள்ள அறிந்த சொல்லைப் போட்டு, அதற்கு ஒரு நியாயமும் கற்பித்துக்கொள்வதற்கு மொழியியலில் ஒரு விளையாட்டுப் பெயர் உண்டு: 'எக்கார்ன்'. ஓக் மரத்தின் கொட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஏகார்ன்'. அதை யாரோ ஒருவர் முட்டை என்னும் 'எக்', தானியம் என்னும் 'கார்ன்' இரண்டும் சேர்ந்த சொல்லாக எழுதியிருந்தார். கொட்டையும் முட்டை வடிவில்தானே இருக்கிறது! 2003இல் ஜெஃப்ரி புல்லம் என்ற மொழியியலார் இவ்வகைப் பிழைகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்.

ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. குதிரையின் கடிவாளத்தைத் தளர்த்திவிடுவது 'ஃப்ரீ ரெயின்'. விருப்பம்போல் செயல்பட விடுவது என்று பொருள். கடிவாளம் கண்ணில் படாத காலத்தில் அது, ஆட்சி என்று பொருள்படும் வேறொரு 'ரெயின்' ஆகிவிட்டது. மூச்சை அடக்கிக் காத்திருப்பது 'பேட்டட் ப்ரெத்'. அடக்குதல் என்ற பொருளுள்ள அந்தச் சொல் வழக்கொழிந்ததால், தூண்டிலில் இரை மாட்டுவதைக் குறிக்கும் 'பேட்' வந்து உட்கார்ந்துகொண்டது. தொழிலும் கருவியும் மறையும்போது சொல்லின் படம் மறைகிறது. படம் மறைந்தபின் எழுத்து தடுமாறுகிறது. நம் தொடருக்கும் இதே கதிதான்.

பிறந்த வீடு எது?

சரி, கோட்டில் விரல் வைத்து நின்றவர்கள் யார்? இதற்குப் பலர் உரிமை கொண்டாடுகிறார்கள்.

முதலில் கப்பற்படை. மரக்கப்பலின் மேல்தளம் நீண்ட பலகைகளால் ஆனது. பலகைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் நாரைத் திணித்து, மேலே கீல் காய்ச்சி ஊற்றுவார்கள். தண்ணீர் இறங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அதனால் தளம் முழுவதும் கறுப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். மாலுமிகளை அணிவகுக்கச் சொன்னால், ஒரு கோட்டில் விரல் நுனி படும்படி வரிசையாக நிற்பார்கள். சிறு தவறு செய்த கப்பற்சிறுவர்களை நெடுநேரம் அப்படியே ஆடாமல் அசையாமல் நிற்க வைப்பது ஒரு தண்டனை. இதில் ஒரு சுவாரசியம், அந்தச் சந்துகளில் திணித்த நார் பழைய கயிறுகளைப் பிரித்து எடுத்த நார். கால்விரல் தொட்ட கோட்டுக்குள்ளேயே கயிறு ஒளிந்திருந்தது!

இரண்டாவது குத்துச்சண்டை. 1743இல் ஜாக் பிராட்டன் என்ற இங்கிலாந்து வீரர் வகுத்த விதிகளின்படி, மேடை நடுவே சாக்குக்கட்டியால் ஒரு கஜச் சதுரம் வரையப்பட்டது. ஒவ்வொரு முறை சண்டை தொடங்கும்போதும் வீரர்கள் அதன் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு வந்து நிற்க வேண்டும். பிறகு வந்த 1838ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கடுமை. விழுந்தவனுக்கு 30 வினாடி ஓய்வு. அதன்பின் 8 வினாடிக்குள் யார் துணையும் இல்லாமல் நடுவிலுள்ள கீறலுக்கு அவனே வந்து சேர வேண்டும். வராவிட்டால் தோல்வி. கீறலுக்கு 'ஸ்க்ராட்ச்' என்று பெயர். தேவையான தரத்தை எட்டுவதை 'கம் அப் டு ஸ்க்ராட்ச்' என்கிறார்களே, அந்தத் தொடரும் இந்தச் சூழலைச் சேர்ந்ததே.

மூன்றாவது ஓட்டப்பந்தயம். ஓடுகிறவர்கள் தொடக்கக் கோட்டில் கால் வைத்து நிற்பது எல்லோரும் அறிந்ததே. நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் "ஆன் யுவர் மார்க்" என்று ஆசிரியர் கத்துவாரே, அந்த 'மார்க்' இந்தக் கோடுதான்.

நான்காவது பள்ளிக்கூடம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க கிராமத்துப் பள்ளிகளில் ஸ்பெல்லிங் ஒப்பிக்கவரும் பிள்ளைகள் தரைப்பலகையின் இடுக்கில் விரல் வைத்து வரிசையாக நிற்பது வழக்கம். தரை இடுக்குக்கு 'க்ராக்' என்று பெயர்.

ஐந்தாவதாக வருவது எல்லோருக்கும் பிடித்த கதை. லண்டன் பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிரே உட்காருகின்றன. இரண்டு பக்கத்து முன்வரிசைகளுக்கும் முன்னால் விரிப்பில் ஆளுக்கொரு சிவப்புக் கோடு. பேசுகிற உறுப்பினர் அந்தக் கோட்டைத் தாண்டி வரக்கூடாது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு வாள்களின் நீளம். கோபத்தில் வாளை உருவினாலும் எதிராளி மேல் படக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. 'டோ தி லைன்' அங்கேதான் பிறந்தது என்பார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை இது. வினாடிவினாப் போட்டிகளிலும் சக்கைப்போடு போடும்.

கதையைச் சோதிப்போம்

பாராளுமன்றக் கதையில் எல்லாம் இருக்கிறது: வாள், கோபம், சிவப்புக் கோடு, அரசியல். சான்று ஒன்றுதான் இல்லை.

சபைக்குள் உறுப்பினர்கள் வாளோடு வரலாம் என்றிருந்த காலம் ஒன்று இருந்ததாகப் பதிவே கிடையாது. வாள் தரிக்கும் உரிமை அவைக்காவலருக்கு மட்டுமே. உறுப்பினர்கள் தங்கள் வாளை வெளியே மாட்டிவிட்டு வருவதற்காக, மேலங்கிகள் வைக்கும் அறையில் நாடாக் கண்ணிகள் இன்றும் தொங்குகின்றன. வாளே உள்ளே வராதபோது வாளின் நீளத்தை அளந்து கோடு போடுவானேன்? மேலும், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மக்கள் சபை கூடிவந்த புனித ஸ்டீஃபன் ஆலய மண்டபம் 1834 தீவிபத்தில் அழிந்தது. பிறகு கட்டிய மண்டபம் 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் நொறுங்கியது. இன்றைய மண்டபம் 1950இல் திறக்கப்பட்டது. இன்றைய விரிப்பில் காணும் கோட்டைக் காட்டி, இருநூறு ஆண்டுப் பழைய தொடருக்குத் தாய்வீடு அது என்று சொல்ல முடியாது.

இன்னொரு தடையும் உண்டு. பாராளுமன்றக் கோடு தாண்டக்கூடாத கோடு. நம் தொடரில் வருவதோ, வந்து தொட வேண்டிய கோடு. கபடி ஆடியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். பாடிப்போகிறவன் எதிராளிக் களத்தில் தாண்டியே தீர வேண்டிய கோடு ஒன்று உண்டு. தாண்டினால் ஆளைக் காலிசெய்யும் எல்லைக் கோடும் உண்டு. இரண்டும் கோடுதான், ஆனால் வேலை வேறு.

சொற்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் மூன்று கேள்விகளை முன்வைப்பார்கள். முதலாவது, காலம்: அச்சில் இத்தொடர் முதலில் எப்போது, எங்கே வருகிறது? ஜேம்ஸ் மர்ரே உள்ளிட்டோரின் தலைமையில் உருவாகி, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இந்தக் கேள்வியின் மேல் எழுப்பிய மாளிகைதான். ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த மிகப் பழைய எடுத்துக்காட்டை ஆண்டோடு தருவது அதன் முறை. நம் தொடரின் பழைய அச்சுச் சான்று 1810களில் அமெரிக்காவில் கிடைக்கிறது. ஜேம்ஸ் கிர்க் பால்டிங் என்பவர் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் இரண்டு மனிதர்களாக்கிப் புனைபெயரில் எழுதிய நையாண்டி நூல் அது. அங்கே 'லைன்' இல்லை. 'டோ தி மார்க்' என்று இருக்கிறது. லண்டன் பாராளுமன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது கேள்வி, சூழல்: கதையில் வரும் செயலும் தொடரின் பொருளும் ஒத்துப்போகின்றனவா? பாராளுமன்றக் கதை இங்கே தோற்றதைப் பார்த்தோம். கப்பல், குத்துச்சண்டை, பந்தயம், பள்ளிக்கூடம் நான்கும் தேறுகின்றன.

மூன்றாவது, உறவுக்காரர்கள்: இதே தொடர் வேறு உருவங்களில் வழங்குகிறதா? 'டோ தி மார்க்', 'டோ தி ஸ்க்ராட்ச்', 'டோ தி க்ராக்', 'டோ தி லைன்' என்று நான்கும் வழங்கியிருக்கின்றன. கப்பல்தான் ஒரே தாய்வீடு என்றால் குத்துச்சண்டைக் கீறல் எப்படி நுழைந்தது? குத்துச்சண்டைதான் என்றால் தரை இடுக்கு எப்படி வந்தது? ஆகவே யாரோ ஒருவர் ஓரிடத்தில் உண்டாக்கிய தொடர் இது என்று சொல்வதைவிட, மனிதர்களை வரிசையில் நிறுத்த வேண்டிய எல்லா இடங்களிலும் இருந்த ஒரு பழக்கம் பல வாய்களில் பல வடிவாகிக் கடைசியில் 'லைன்' என்ற வடிவம் மற்றவற்றை முந்திக்கொண்டது என்று கொள்வதே சான்றுக்குப் பொருந்துகிறது. கேட்க அவ்வளவு ருசியாக இல்லைதான். ஆனால் சான்று கைகாட்டும் திசை அதுவே.

துணிவு பணிவான கதை

எழுத்தையும் பிறப்பையும்விட இத்தொடரின் பொருள் மாறிய விதம்தான் நம்மை நின்று யோசிக்க வைப்பது.

குத்துச்சண்டையில் அடிபட்டு விழுந்தவன், யார் கையும் பிடிக்காமல் எழுந்து, தள்ளாடியபடியே கோட்டுக்கு வந்து விரல் வைத்து நிற்கிறான். அது பணிவா? "நான் இன்னும் இருக்கேன், வா!" என்று சொல்லும் துணிவு. ஓட்டப்பந்தயத்தில் கோட்டில் நிற்பது அடக்கமா? எல்லோருக்கும் ஒரே கோடு, பணக்காரனுக்கு ஓரடி முன்னால் கிடையாது என்ற சமத்துவம். கப்பலிலும் பள்ளியிலும் மட்டுமே அது கட்டுப்பாடு. ஆக இத்தொடருக்குள் தயார்நிலை, சமத்துவம், கட்டுப்பாடு என்ற மூன்றும் இருந்தன. காலப்போக்கில் முதலிரண்டும் உதிர்ந்து மூன்றாவது மட்டும் தங்கிவிட்டது. அதன் உடன்பிறப்பான 'கம் அப் டு ஸ்க்ராட்ச்' தகுதியைக் குறிக்கப் போய்விட்டது. இது அடங்கிப்போவதைக் குறிக்கத் தங்கிவிட்டது. ஒரே கோட்டில் நின்ற இரண்டு தொடர்களுக்கு எத்தனை வேறான தலையெழுத்து!

கட்சி அரசியல் இந்த மாற்றத்தை உறுதிசெய்தது. 'பார்ட்டி லைன்' என்றால் கட்சியின் கொள்கை நிலை. அதுவும் 'லைன்', இதுவும் 'லைன்' என்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'டோ தி பார்ட்டி லைன்' ஆயிற்று. கால்விரலுக்கும் கொள்கைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எழுத்து தடுமாறத் தொடங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் இதற்குச் சட்ட வலுவும் உண்டு. 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் அல்லது வாக்களிக்காமல் ஒதுங்கும் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்தால் தப்பிக்கலாம். அந்தக் கட்டளைக்கு ஆங்கிலத்தில் 'விப்' என்று பெயர். வேட்டையில் நாய்கள் கூட்டத்தைவிட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரிலிருந்து வந்த சொல் அது. தமிழில் அந்தப் பதவிக்குக் 'கொறடா' என்று வைத்தோம். கொறடா என்றாலும் சாட்டைதான். ஆக, கோட்டில் விரல் வைத்து நில் என்பது வெறும் உருவகமாக இல்லாமல், தவறினால் நாற்காலி போகும் கட்டளையாகவே ஆகிவிட்டது. கட்சி தாவுதலைத் தடுக்க அது தேவை என்பாரும் உண்டு, மக்கள் பிரதிநிதியின் மனச்சாட்சியைக் கட்டிப்போடுகிறது என்பாரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் இழுக்கும் 'டோ' ஏன் பலருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது என்பது இப்போது புரிகிறது அல்லவா?

நம் பக்கத்துக் கோடுகள்

தமிழில் இதற்கு நேரான தொடர் ஒன்று உண்டு. "அப்பா கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டான்" என்கிறோம். இரண்டு மொழியிலும் கீழ்ப்படிதலுக்குக் கோடே உவமை. ஆனால் ஆங்கிலக் கோடு வந்து நிற்க வேண்டியது, தமிழ்க் கோடு தாண்டக் கூடாதது. மொழிபெயர்ப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

கிழித்த கோடு என்றதும் பலர் லட்சுமணன் கோட்டுக்குப் போய்விடுவார்கள். "வால்மீகியிலேயே இருக்கே!" என்பார்கள். வால்மீகி ராமாயணத்தில் அந்தக் கோடு இல்லை. கம்பனிலும் இல்லை, அங்கே ராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப்போகிறான். துளசிதாசரின் ராமசரிதமானசத்தில்கூட, சீதையைக் கவரும் இடத்தில் அது வரவில்லை. பின்னால் இலங்கையில் மண்டோதரி கணவனை இடித்துரைக்கும்போது, லட்சுமணன் போட்ட சிறு கோட்டைக்கூட உம்மால் தாண்ட முடியவில்லையே என்ற பொருளில் சொல்கிறாள். லண்டனின் சிவப்புக் கோடும் நம் லட்சுமணன் கோடும் ஒரு விதத்தில் சகோதரர்கள். இரண்டும் எல்லோர் மனத்திலும் ஆழமாகப் பதிந்தவை. ஆனால் எந்த இடத்தில் தேடச் சொல்கிறார்களோ அந்த இடத்தில் இரண்டும் இல்லை.

பழமொழிகளுக்கு இப்போது 'உண்மையான வடிவம்' சொல்லும் பழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது தவறாம். அது குதிரை அல்ல, ஆற்று நடுவே உள்ள மணல் திட்டான மண்குதிராம். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதில் பேரை அல்ல, வேரையாம். மேடைகளில் இதைச் சொன்னால் கைதட்டல் உறுதி. ஆனால் அதே மூன்று கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டாமா?

மண் குதிரையையே எடுத்துக்கொள்வோம். அய்யனார் கோயில் வாசலில் சுடுமண் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பச்சை மண்ணில் செய்த குதிரை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஏறி ஆற்றில் இறங்கினால் கரைந்துபோகும். படம் முழுமையாக இருக்கிறது, பொருளும் பொருந்துகிறது. திருத்துவதற்கு அங்கே தேவையே இல்லை. வேர், பேர் விஷயத்தில் காலக் கேள்வி கேட்க வேண்டும். பெர்சிவல் பாதிரியார் 1842இல் வெளியிட்டு 1870களில் விரிவாக்கிய பழமொழித் தொகுப்பு இருக்கிறது. ஜென்சன் பாதிரியார் 1897இல் வகைப்படுத்தி வெளியிட்ட தொகுப்பும் இருக்கிறது. அவற்றில் எந்த வடிவம் அச்சாகியிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பதே முதல் வேலை. கைதட்டல் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

வெளி மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பழமொழிகளை ஊரில் கேட்டு வளர்வதில்லை, பெற்றோர் சொல்லித்தான் அறிகிறார்கள். அவர்கள் அய்யனார் குதிரையைப் பார்த்திருக்கமாட்டார்கள். படம் தெரியாத இடத்தில்தான் எழுத்து தடுமாறும், பொய்க்கதை நுழையும் என்பதை இந்த ஆங்கிலத் தொடரிலேயே பார்த்தோம். ஆகவே பழமொழியைச் சொல்லும்போது அதன் படத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஓர் அய்யனார் கோயிலுக்கும் அழைத்துப் போவோம்.

ஆங்கிலத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால்: 'டோ தி லைன்' என்று எழுதும்போது தரையில் ஒரு கோட்டையும் அதைத் தொட்டு நிற்கும் கால்விரலையும் நினைத்துக்கொள்ளுங்கள். டி, ஓ, இ தானாகவே வந்துவிடும்.